பட்டறையில் ஒரு வேர், கருமுட்டையில் ஒரு வேர்

மேலாண்மைப் பாடநூல் எதைப் புரட்டினாலும் அமைப்புச் சிந்தனைக்கு ஒரே பிறப்புக் கதைதான் இருக்கும். லுட்விக் வான் பெர்ட்டலான்ஃபி என்ற ஆஸ்திரிய உயிரியலாளர், போருக்குப் பிந்தைய வட அமெரிக்கா, 1968-இல் வந்த ‘பொது அமைப்புக் கோட்பாடு’ நூல். பக்கத்தில் நார்பர்ட் வீனரும் அவருடைய 1948-ஆம் ஆண்டு சைபர்நெட்டிக்ஸ் நூலும் நிற்கும். சற்று மெனக்கெடும் ஆசிரியராக இருந்தால், முழுமை என்பது பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது என்று அரிஸ்டாட்டில் அன்றே சொல்லிவிட்டார் என ஒரு வரியும் சேர்ப்பார். அரிஸ்டாட்டில் அப்படிச் சொல்லவில்லை. முழுமை, பகுதிகளின் குவியலிலிருந்து வேறான ஒன்று என்பதே அவர் கருத்து. பெரியதா சிறியதா என்ற கணக்கு அவரிடம் கிடையாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் வேறொருவர். சில முழுமைகள் தம் பகுதிகளின் கூட்டுத்தொகையைவிடச் சிறியவை என்றும் எழுதியவர் அவர். பாடநூல்களில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

அவர் அலெக்சாந்தர் பொக்தானவ். மருத்துவர், பொருளியல் ஆசிரியர், நாவலாசிரியர், போல்ஷ்விக் அணியைக் கட்டி எழுப்பியவர்களுள் ஒருவர். இடதுசாரி நூல்கள் படித்துப் பழகியவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால், லெனினிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்றே தெரிந்திருக்கும். 1913 முதல் 1922 வரை மூன்று பாகங்களாக அவர் எழுதிய ‘டெக்டாலஜி’, உயிரிகள், இயந்திரங்கள், சமூகங்கள், கருத்துகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான ஒழுங்கமைப்பு விதிகளைத் தேடும் ஓர் அறிவியலை முன்வைத்தது. முதல் பாகம் வந்த ஆண்டில் பெர்ட்டலான்ஃபி பள்ளிச் சிறுவன்.

இருவரையும் அருகருகே வைத்து, யார் முந்தி என்று தீர்ப்புச் சொல்வது எளிது. அதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. கிட்டத்தட்ட ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்த இவர்கள் கிளம்பிய இடங்கள் முற்றிலும் வேறு. பொக்தானவ் கிளம்பியது உழைப்பிலிருந்து. பெர்ட்டலான்ஃபி கிளம்பியது உயிரிலிருந்து. ஒன்றை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பது முன்னவர் கேள்வி. ஒன்று எப்படித் தன்னைத் தானே குலையாமல் வைத்துக்கொள்கிறது என்பது பின்னவர் கேள்வி. இன்றைய அமைப்புச் சிந்தனை இரண்டாவது கேள்வியின் மொழியைப் பேசிக்கொண்டே முதல் கேள்வியின் வேலையைச் செய்துவருகிறது என்பது என் கணிப்பு. அதில் ஏதோ ஒன்று கைநழுவியும் போயிருக்கிறது.

பொக்தானவ் பிறந்தது 1873-இல், இன்று போலந்தில் உள்ள சோகூல்காவில். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்துக்கொண்டிருந்தவரை 1894-இல் அரசியல் காரணத்துக்காக வெளியேற்றி, தூலா நகரத்துக்கு அனுப்பினார்கள். ஜார் அரசு தன்னையறியாமல் ஒரு தத்துவத்துக்குச் செய்த உதவி அது. தூலா என்றால் ஆயுதத் தொழிற்சாலைகள். அங்குள்ள தொழிலாளர் வாசிப்பு வட்டங்களில் பொருளியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார் பொக்தானவ். கேட்க வந்தவர்கள் பாடத்திட்டத்துக்கு அடங்குபவர்களாக இல்லை. எந்திரத்தின் அமைப்பிலிருந்து கூலிக்கும், கூலியிலிருந்து குடும்பத்துக்கும், அங்கிருந்து அறத்துக்கும் அவர்களுடைய கேள்விகள் தாவின. பல்கலைக்கழகம் துறை துறையாகப் பிரித்து வைத்திருந்ததைப் பட்டறை மனிதர்கள் ஒரே வாக்கியத்தில் சேர்த்தார்கள். அந்த வகுப்புகளிலிருந்து 1897-இல் ஒரு பொருளியல் பாடநூல் பிறந்தது. அறிவைத் துறைகளாகத் துண்டாடுவது உழைப்புப் பிரிவினையின் விளைவே அன்றி உலகத்தின் இயல்பு கிடையாது என்ற எண்ணம் பொக்தானவுக்கு இங்குதான் வேர்பிடித்தது. பிறகு கார்கிவில் மருத்துவப் பட்டம், மறுபடி கைது, வோலக்டாவில் நாடுகடத்தல், அங்கே மனநல மருத்துவமனையில் வேலை.

பெர்ட்டலான்ஃபியின் தொடக்கம் வேறு உலகம். 1901-இல் வியன்னாவை ஒட்டிய ஆட்ஸ்கெர்ஸ்டார்ஃபில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் 1926-இல் முனைவர் பட்டம் வாங்கியது உயிரியலில் அல்ல, தத்துவத்தில். வியன்னா வட்டத்தின் மையமாக விளங்கிய மோரிட்ஸ் ஷ்லிக் அவருடைய ஆய்வேட்டை மேற்பார்த்தவர்களுள் ஒருவர். உலகம் முழுவதையும் உயிருள்ள படிநிலை அமைப்பாகக் கண்ட குஸ்தாவ் ஃபெக்னரைப் பற்றிய ஆய்வு அது. தர்க்க நேர்க்காட்சிவாதத்தின் தலைமகனிடம் இப்படியொரு தலைப்பைக் கொண்டுபோக ஒரு துணிச்சல் வேண்டும். இரண்டே ஆண்டில், 15-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் நிக்கோலாஸ் குசானஸின் எழுத்துகளைத் தொகுத்து ஒரு நூல். எதிர்மறைகள் ஒன்றில் ஒன்று பொருந்துவதையும், எந்த அறிவும் ஒரு கோணத்துப் பார்வையே என்பதையும் பேசியவர் குசானஸ். அதே 1928-இல் கரு வளர்ச்சிக் கோட்பாடுகளைப் பற்றிய பெர்ட்டலான்ஃபியின் விமர்சன நூலும் வந்தது. மனிதரின் இரண்டு கால்களும் எங்கெங்கே ஊன்றியிருந்தன என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடுகிறது.

அவரை ஆட்டிப்படைத்த புதிர் ஒரு கடல் முள்ளெலியின் கரு. 1891-இல் ஹான்ஸ் டிரீஷ் என்ற ஜெர்மானிய உயிரியலாளர், இரண்டு செல் நிலையில் இருந்த கடல் முள்ளெலிக் கருவை இரண்டாகப் பிரித்தார். எந்திரமாக இருந்தால் பாதிக் கருவிலிருந்து பாதி உயிரி வந்திருக்க வேண்டும். வந்ததோ அளவில் சிறிய, ஆனால் குறைவற்ற முழு லார்வா. எந்த எந்திரத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு முழு எந்திரங்கள் கிடைக்கும்? இந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்த டிரீஷ், கருவை அதன் இலக்கு நோக்கி வழிநடத்தும், பருப்பொருள் சாராத ஒரு சக்தி உள்ளே இருப்பதாக முடிவுகட்டினார். அதற்கு அரிஸ்டாட்டிலிடமிருந்து ஒரு பெயரையும் எடுத்துக்கொண்டார். எதிர்முகாமில் இருந்தவர்கள் எல்லாம் இயற்பியலும் வேதியியலுந்தான் என்றார்கள். அந்த இயற்பியலும் வேதியியலும் பாதிக் கருவை முழுதாக்குவது எப்படி என்று மட்டும் சொல்லவில்லை.

கேள்வி இன்னும் பழையது. 1790-இல் காண்ட் இதைத் தெளிவாகவே வைத்துவிட்டார். ஒரு கடிகாரத்தின் சக்கரம் இன்னொரு சக்கரத்தை ஓட்டும், ஆனால் உண்டாக்காது. பழுதானால் கடிகாரம் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. உயிரியிலோ ஒவ்வோர் உறுப்பும் மற்றவற்றால் உண்டாகி, மற்றவற்றை உண்டாக்குகிறது. காரணமும் விளைவும் வட்டமாகச் சுற்றுகின்றன. அதனால் உயிரியை நோக்கமுடையது போலக் கருதித்தான் நம்மால் ஆராய முடியும் என்றார் காண்ட். நோக்கம் உண்மையிலேயே இருக்கிறது என்று சொல்ல மறுத்துவிட்டார். இந்தப் ‘போல’ உயிரியலாளர்களை ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வைத்தது.

பெர்ட்டலான்ஃபியின் விடை, யோசித்துப் பார்த்தால், மூச்சுவிடும் அளவுக்கு எளிமையானது. அன்றைய இயற்பியல் கையாண்டது மூடிய அமைப்புகளை. ஒரு பாத்திரத்தில் வேதிப்பொருள்களைக் கொட்டி மூடிவைத்தால், கடைசியில் என்ன சமநிலை வரும் என்பதைத் தொடக்கத்தில் போட்ட அளவுகள் தீர்மானிக்கும். தொடக்கத்தை மாற்றினால் முடிவு மாறும். உயிரி மூடிய பாத்திரமன்று. பொருளும் ஆற்றலும் இடைவிடாமல் உள்ளே வந்து, மாறி, வெளியே போகின்றன. அப்படிப்பட்ட திறந்த அமைப்பு ஒரு நிலைத்த ஓட்டத்துக்கு வரும்போது, அந்த நிலையை வரவும் செலவும் நடக்கும் வேகங்களே தீர்மானிக்கின்றன. தொடக்க அளவுகளுக்கு அங்கே அதிகாரமில்லை. அரைக் கருவிலிருந்து கிளம்பினாலும் முழுக் கருவிலிருந்து கிளம்பினாலும் ஒரே முடிவுக்கு வந்து சேரலாம். டிரீஷின் மாயச் சக்தி தேவைப்படாமல் போயிற்று. அதற்காக உயிரியைக் கடிகாரமாக்கவும் வேண்டியிருக்கவில்லை. என்ட்ரோபி பெருகியே தீரும் என்ற விதியோடும் சண்டையில்லை, ஏனென்றால் அந்த விதி மூடிய அமைப்புக்கானது. இந்தக் கருத்தை 1932-இன் ‘கோட்பாட்டு உயிரியல்’ முதல் 1950-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரை வரை அவர் செதுக்கிக்கொண்டே இருந்தார். கருவளர்ச்சியின் நுணுக்கங்கள் அனைத்தையும் இது விளக்கிவிட்டதா என்றால் இல்லை. மரபணுவியல் பிறகு வந்து நிரப்ப வேண்டிய இடங்கள் நிறைய இருந்தன. ஆனால் தத்துவத்தின் ஒரு பழைய முட்டுச்சந்து இங்கே திறந்தது.

பொக்தானவின் முழுமை வேறு தினுசு. அவர் பார்ப்பது செயல்களையும் அவற்றுக்கு எதிர்ப்படும் தடைகளையும். ஒருவரால் அசைக்க முடியாத கல்லை நான்கு பேர் சேர்ந்து பிடித்தால் நகர்கிறது. அங்கே முழுமை கூட்டுத்தொகையைவிடப் பெரிது. அதே நான்கு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் ஒரு தனி ஆளின் பலன்கூடத் தேறாது. அங்கே முழுமை சிறிது. முன்னது ஒழுங்கமைந்த தொகுதி, பின்னது குலைந்த தொகுதி. லாபமும் நட்டமும் சரிக்குச் சரியாகிவிட்டால் நடுநிலைத் தொகுதி. கணிதம் வழக்கமாகக் கையாளும் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது இந்த மூன்றாவது வகைக்கு மட்டுமே பொருந்தும் என்பது பொக்தானவின் குறும்பான பார்வை. இயற்பியலிலும் இது உண்டு. ஒரே வீச்சுள்ள இரண்டு அலைகள் முகட்டோடு முகடாகச் சேர்ந்தால் செறிவு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. முகடும் அகடும் சேர்ந்தால் சுழியம்.

இந்த வகைப்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. பின்னாளைய அமைப்புச் சிந்தனையாளர்கள் ‘முழுமை பெரிது’ என்று பக்திப் பரவசத்தோடு சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், கூடிக் கெட்ட காரியங்களைப் பார்த்த மனிதர் இவர் என்று தோன்றும். கட்சிக் குழுக்களில் உட்கார்ந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒழுங்கமைப்பது என்பது பொக்தானவுக்குக் கட்சி நடத்துவதோ ஆலை நடத்துவதோ மட்டுமன்று. மனிதன் செய்வது எல்லாமே அதுதான். வீடு கட்டுவது பொருள்களை ஒழுங்கமைப்பது, அரசியல் ஆள்களை ஒழுங்கமைப்பது, அறிவியல் அனுபவங்களை ஒழுங்கமைப்பது. இடிப்பதும் வேறொன்றுக்கு இடம் பண்ணுவதால் இந்தக் கணக்கில் சேரும். இயற்கையும் அப்படியே இயங்குகிறது. மனித உழைப்பு இயற்கையின் ஒழுங்கமைப்புக்குத் தொடர்ச்சி. நீராவி எந்திரத்தில் வேகமும் நீராவி அழுத்தமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதை அவர் ‘இருவழிச் சீராக்கி’ என்று பெயரிட்டு விவரித்தபோது, வீனரின் பின்னூட்டம் பிறக்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான வளையத்தைப் பொறுத்தது என்ற பட்டறை அறிவை, எந்தத் தொகுதிக்கும் பொருந்தும் குறைந்தபட்ச விதியாக விரித்தார்.

இவற்றுக்கு அடியில் இருந்த தத்துவம்தான் அவரை வம்பில் மாட்டியது. எர்ன்ஸ்ட் மாக், ரிச்சர்ட் அவெனாரியஸ் ஆகியோரிடமிருந்து, உலகம் என்பது அனுபவக் கூறுகளின் பின்னல் என்ற கருத்தை எடுத்துக்கொண்டார். மார்க்ஸிடமிருந்து, மனிதச் சிந்தனை சமூக உழைப்பில் விளைவது என்பதை எடுத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்து, புறவயமான உண்மை என்பது சமூகம் கூட்டாக ஒழுங்கமைத்த அனுபவமே என்றார். ஆன்மா, உடல் என்ற பிரிவினைக்குக்கூட அவர் கண்ட மூலம் உழைப்பில்தான் இருந்தது. கட்டளையிடுபவன் ஒருவன், செய்பவன் இன்னொருவன் என்று வேலை பிரிந்த சமூகத்தில், ஒவ்வோர் உடலுக்குள்ளும் கட்டளையிடும் ஒன்றைக் கற்பித்துக்கொண்டார்கள் என்பது அவர் விளக்கம். எத்தனை தத்துவ நூல்களைப் படித்தாலும் இவ்வளவு துடுக்கான விளக்கம் எளிதில் அகப்படாது.

லெனினுக்கு இது பொறுக்கவில்லை. 1908-இல் காப்ரி தீவில் கார்க்கியின் வீட்டில் இருவரும் சதுரங்கம் ஆடும் புகைப்படம் பிரபலமானது. அடுத்த ஆண்டே ‘பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்’ நூல் வந்தது, பொக்தானவ் போல்ஷ்விக் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார். லெனினின் வாதங்களில் ஒன்று உண்மையிலேயே குத்தும். சமூகம் ஒழுங்கமைத்த அனுபவமே உண்மையென்றால், நூற்றாண்டுகளாக ஒழுங்கமைந்த கத்தோலிக்க மதமும் உண்மையாகிவிடாதா? பொக்தானவ் 1910-இல் பதில் எழுதினார். முற்றுமுழுதான உண்மை ஒன்று உண்டு, அது நம் கையில் இருக்கிறது என்று நம்புவதே மதம்; லெனின்தான் விசுவாசி என்று திருப்பி அடித்தார். அடி பலமானது. கேள்விக்கு அது விடையாகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், லெனினின் அந்தக் கேள்வியைப் பெர்ட்டலான்ஃபியிடமும் கேட்கலாம். 1955-இல் அவர் எழுதிய, அறிவின் அடிப்படைக் கருத்துகள் சார்புடையவை என்னும் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் உயிரியும் தன் உடலமைப்பு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் சுற்றுப்புறத்திலிருந்து ஓர் உலகத்தை வெட்டியெடுத்துக்கொள்கிறது என்ற யாக்கோப் வான் யூக்ஸ்கியூலின் கருத்து அங்கே பேசப்படுகிறது. மொழியும் பண்பாடும் நம் காலக் கருத்தையும் பொருள் கருத்தையும் வடிக்கின்றன என்ற மொழியியலாளர் வோர்ஃபின் வாதமும் வருகிறது. முடிவு: இயற்பியல் உள்பட எந்த அறிவும் ஒரு கோணம். ஆக, மனத்தின் மாறாத கட்டமைப்பு என்று காண்ட் வைத்ததை இருவருமே தரைக்கு இறக்கினார்கள். ஒருவர் தொழிலிடத்துக்கு இறக்கினார், மற்றவர் உடலுக்கும் பண்பாட்டுக்கும். ஆனால் பெர்ட்டலான்ஃபி ஒரு கைப்பிடியை விடவில்லை. கோணங்கள் மாறினாலும் வெவ்வேறு துறைகளில் ஒரே வடிவச் சமன்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த ஒத்த வடிவம் உலகைப் பற்றி எதையோ சொல்கிறது என்று நம்பினார். பொக்தானவிடம் அந்தக் கைப்பிடி பலமாக இல்லை. அவருக்கு ஒத்த வடிவங்கள் கருவிகள், நாளை வேறு வேலைக்கு வேறு கருவி. இந்த இடத்தில் எனக்கு ஆஸ்திரியர் பக்கம் நிற்கவே தோன்றுகிறது. கருவி என்றால் எதன்மேல் வேலை செய்கிறது என்ற கேள்வி வந்தே தீரும்.

இருவரையும் மிக நெருக்கத்தில் பார்க்க வேண்டுமானால், இறுகிப்போவதைப் பற்றி அவர்கள் எழுதியதைப் பார்க்க வேண்டும். பொக்தானவின் சொல்லாட்சியில், ஒரு தொகுதி தன்னைக் காத்துக்கொள்ள ஓர் எலும்புக்கூட்டையோ ஓட்டையோ வளர்த்துக்கொள்கிறது. உடலுக்கு எலும்பு, நிலையாத அனுபவத்துக்குச் சொல், இயக்கத்துக்குக் கோட்பாடு. அது காக்கிறது, உள்ளிருப்பது வளரும்போது அதே ஓடு நெரிக்கவும் செய்கிறது. இதற்குப் பக்கத்தில் இன்னொன்று, மையம் உருவாதல்: ஒரு பகுதி மற்றவற்றைவிட அதிக ஒழுங்கமைப்புப் பெற்று அவற்றை வழிநடத்தத் தொடங்குகிறது. மையத்தை நீட்டிக்கொண்டே போனால், கடைக்கோடிக்கும் மையத்துக்கும் நடுவே தட்டுகள் கூடி, அமைப்பு தளர்கிறது. தன் கட்சியைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று வாசகர் ஊகித்தால் ஆசிரியர் மறுத்திருக்க மாட்டார். பெர்ட்டலான்ஃபியிடம் இவ்விரண்டும் கருவியலின் உடையில் வருகின்றன. தொடக்கத்தில் கருவின் எந்தப் பகுதியும் எதுவாகவும் ஆகலாம். வளர வளர ஒவ்வொரு பகுதியும் ஒரே வேலைக்கு என்று நிலைத்துவிடுகிறது. இதை அவர் படிப்படியான எந்திரமயமாதல் என்றார். திறமை கூடுகிறது, சேதத்தைச் சமாளிக்கும் ஆற்றல் குறைகிறது. கூடவே, ‘தலைமைப் பகுதி’ ஒன்று தோன்றுகிறது. அங்கே சிறு மாற்றம் நிகழ்ந்தால் முழு அமைப்பும் அசைகிறது.

இருவர் விவரிப்பதும் ஒரே நிகழ்வு. பெர்ட்டலான்ஃபி அதை முன்னேற்றத்துக்கு உயிர் கொடுக்கும் விலையாக ஏற்றுக்கொள்கிறார். பொக்தானவுக்கு அது தளர்த்த வேண்டிய முடிச்சு, தளர்த்துவதற்கு ஆள்கள் இருக்கிறார்கள். கரு தன் விதியை மாற்றிக்கொள்ளாது. தொழிலாளி தன் பட்டறையை மாற்றலாம்.

தங்கள் காலத்து அதிகாரத்தோடு இருவரும் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. பொக்தானவ் 1911-க்குப் பிறகு அன்றாட அரசியலிலிருந்து ஒதுங்கினார். புரட்சிக்குப் பின்னும் கட்சிக்குத் திரும்பவில்லை. தொழிலாளர் பண்பாட்டு இயக்கமான புரலட்குல்ட்டின் கோட்பாட்டாளராக இருந்தார். 1920-இல் அதை அரசுக் கல்வித் துறைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு லெனின் தன் பழைய நூலைப் பொக்தானவுக்கு எதிரான ஒரு பின்னிணைப்போடு மறுபதிப்புச் செய்தார். 1923-இல் சில வாரங்கள் சிறை. பெர்ட்டலான்ஃபி 1937-இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். சிகாகோவில் சார்ல்ஸ் மாரிஸின் தத்துவக் கருத்தரங்கில் பொது அமைப்புக் கோட்பாட்டை முதன்முதலில் முன்வைத்ததாகப் பின்னாளில் சொன்னார். ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிய 1938-இல் வியன்னா திரும்பி, அதே ஆண்டு நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போருக்குப் பின் லண்டன் வழியாகக் கனடா. மனிதனை எந்திரப் பொம்மையாகக் காணும் உளவியலைச் சாடி, தனிமனிதனே கடைசி மதிப்பு என்று 1960-களில் அவர் எழுதியவற்றை வாசிக்கும்போது இந்த 1938 கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உயிரியல் முழுமைவாதம் சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் என்று இதிலிருந்து விதி செய்துவிட முடியாது. ஆனால், ‘யார் ஒழுங்கமைக்கிறார்’ என்ற கேள்வி இல்லாத ஒரு கோட்பாடு, ஒழுங்கமைக்கும் கை எதுவாக இருந்தாலும் மௌனமாக இருக்க வல்லது என்பது உண்மை.

பெர்ட்டலான்ஃபி ‘டெக்டாலஜி’யைப் படித்திருந்தாரா? அதன் ஜெர்மன் பதிப்பு 1926-இலும் 1928-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது, ‘பொது ஒழுங்கமைப்பியல்’ என்ற தலைப்போடு. பெர்ட்டலான்ஃபியின் 1940-களின் கட்டுரைத் தலைப்பு, ‘பொது அமைப்பியலை நோக்கி’. காலம், மொழி, தலைப்பு மூன்றும் சந்தேகத்தைக் கிளப்பும். 1968 நூலில் முன்னோடிகளாக வுல்ஃப்காங் கோலர், ஆல்ஃப்ரட் லோட்கா ஆகியோர் நினைவுகூரப்படுகிறார்கள், பொக்தானவ் இல்லை. ஆனாலும் திருட்டுப் பட்டம் கட்ட ஆதாரம் கிடையாது, அந்த வழக்கை நடத்துபவர்கள் இருவரின் வேர்களையும் சரியாகப் பார்க்காதவர்கள் என்பேன். கடல் முள்ளெலிக் கருவின் புதிருக்கான விடையைத் தூலாவின் பட்டறையிலிருந்து எடுத்துவர முடியாது. திறந்த அமைப்பின் கணிதம் பொக்தானவிடம் இல்லவே இல்லை.

கணிதம் என்றதும் சொல்ல வேண்டும்: பெர்ட்டலான்ஃபியின் பெயர் இன்று மிக அதிகமாக உச்சரிக்கப்படுவது தத்துவ வகுப்புகளில் அன்று, மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஆய்வகங்களில். உடல் கட்டும் வேகம் மேற்பரப்பைப் பொறுத்தது, உடல் தேயும் வேகம் எடையைப் பொறுத்தது; இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வளர்ச்சி. இந்த ஒற்றை எண்ணத்திலிருந்து 1930-களில் அவர் வருவித்த சமன்பாடு, ஒரு மீன் எந்த வயதில் எவ்வளவு நீளம் இருக்கும் என்று சொல்கிறது. நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் வளர்ச்சிக் கணக்குப் போடுவதும் இதை வைத்துத்தான். ஒரு தத்துவம் சரிபார்க்கக்கூடிய எண்ணாக இறங்கிவரும்போது அதற்கு ஒரு கண்ணியம் வந்துவிடுகிறது.

பொக்தானவின் தத்துவம் இறங்கிவந்தது இரத்தத்தில். 1908-இல் அவர் எழுதிய ‘செந்தாரகை’ நாவலில் செவ்வாய்க் கிரகத்துப் பொதுவுடைமையாளர்கள் ஒருவருக்கொருவர் இரத்தம் பரிமாறி இளமை காக்கிறார்கள். எந்தத் தொழிலில் எத்தனை கைகள் குறைகின்றன, எங்கே மிகுகின்றன என்ற புள்ளிவிவரங்கள் பொதுவில் வைக்கப்படுகின்றன. அதைப் பார்த்து மக்கள் தாமே வேலை மாறுகிறார்கள். பின்னூட்டத்தில் ஓடும் பொருளாதாரம்! இரண்டு தொகுதிகள் கலக்கும்போது இரண்டுமே மாறிப் புதுமை பெறும் என்பது டெக்டாலஜியின் அடித்தளக் கருத்து. ஒற்றைச் செல் உயிரிகள் இணைந்து கலப்பதிலிருந்தே அவர் அதற்குப் பெயரும் எடுத்தார். உழைப்பிலிருந்து கிளம்பியவர் மூலக்கருத்துக்கு உயிரியலிடம் போய் நின்றிருக்கிறார். 1926-இல் மாஸ்கோவில் அவர் தலைமையில் இரத்தமேற்றல் நிறுவனம் தொடங்கியது. 1928-இல் காசமும் மலேரியாவும் கண்ட ஒரு மாணவரோடு இரத்தம் பரிமாறிக்கொண்டார். மாணவர் பிழைத்தார். பொக்தானவ் தன் உடலில் நடப்பதைக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்து ஏப்ரல் 7-இல் இறந்தார். ஒத்த வடிவம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை எங்கே தவறும் என்பதற்கு இதைவிடக் கறாரான சோதனை இல்லை. ஒழுங்கமைப்பின் விதிகள் அவரிடம் இருந்தன. இரத்தத்தின் தனி விதிகள் அன்று யாரிடமும் முழுமையாக இல்லை.

அதன் பிறகு ‘டெக்டாலஜி’ சோவியத் நூலகங்களில் தூங்கியது. பெர்ட்டலான்ஃபியோ 1954-இல் பொருளியலாளர் கென்னத் போல்டிங், கணிதவியலாளர் அனடோல் ரப்பபோர்ட், உடலியங்கியலாளர் ரால்ஃப் ஜெரார்ட் ஆகியோருடன் சேர்ந்து ஒரு சங்கம் கண்டார். அது ஓர் இயக்கமாயிற்று. அந்த இயக்கத்துக்கு உள்ளேயே, எல்லைக்கோட்டை எங்கே போடுவது, போடுபவர் யார் என்ற கேள்வியை 1960-களில் வெஸ்ட் சர்ச்மன் எழுப்பினார். அவர் மாணவர் வெர்னர் உல்ரிக் 1983-இல் அதை ஒரு விமர்சன முறையாகவே வகுத்தார்: திட்டத்தால் பாதிக்கப்படுவோர் திட்டத்தைக் கேள்வி கேட்க முடிய வேண்டும். உல்ரிக் இதற்குத் துணைக்கழைத்தது காண்ட்டை. ஒழுங்கமைப்பவர் யார் என்ற பொக்தானவின் கேள்வி பொக்தானவ் இல்லாமலே, காண்ட்டின் வாசல் வழியாகத் திரும்பி வந்தது. ‘டெக்டாலஜி’யின் ஒரு பகுதி ஆங்கிலத்தில் வந்தது 1980-இல், சோவியத் ஒன்றியத்தில் மறுபதிப்பு 1989-இல்.

திரும்பி வந்த கேள்வி கொஞ்சம் மெலிந்து வந்திருக்கிறது என்பதே என் குறை. உல்ரிக்கின் குடிமகன் நிபுணரின் திட்டத்துக்கு முன்னால் நின்று கேள்வி கேட்கிறான். பொக்தானவ் அதோடு திருப்திப்பட்டிருக்க மாட்டார். ஒழுங்கமைப்பின் அறிவியலை ஆலைத் தொழிலாளியே கற்றுத் தேர வேண்டும், வரைபடத்தை வரையும் வேலையும் அவனிடமே வர வேண்டும் என்பதற்காகத்தான் தொழிலாளர் பல்கலைக்கழகம், தொழிலாளர் கலைக்களஞ்சியம் என்றெல்லாம் அவர் திட்டம் போட்டார். இன்று ஒரு நிறுவனத்தில் அமைப்பு வரைபடம் வரையும்போது, பின்னூட்டச் சுழல்கள் எல்லாம் சரியாகவே வரையப்படுகின்றன. வரைபவர் ஆலோசகர். அதில் ஒரு கட்டத்துக்குள் ‘பணியாளர்கள்’ என்று எழுதப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதே அரிது. அழைத்தாலும் கருத்துச் சொல்வதற்காகத்தான்.